சரக்கு விமானத்தில் சாகசம் காட்டியவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துவது எப்படி

எங்கள் கேப்டனுக்கு முதலாண்டுத் திதி வர மூன்று மாதம் இருந்தபோது அவருடைய துணைவியார் போன் செய்தார். "தம்பி, திதி குடுக்குறதை வீட்டுல பாத்துக்கிறோம். அவர் பறந்ததைப் பத்தி நீங்கதான் ஏதாவது செய்யணும். பேரப்பிள்ளைகளுக்கு அவரைத் தாத்தாவா மட்டும்தான் தெரியும்" என்றார்.

நான் விமானப்படையில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் செக்கானூரணி, இப்போது இருப்பது வில்லாபுரம். ஏஎன்-32 சரக்கு விமானத்தில் இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இன்ஜின் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. கேப்டனும் நம் பக்கத்துக்காரர்தான், மேலூருக்கு அந்தப் பக்கம். அம்மா (கேப்டனின் துணைவியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) வேண்டாம் என்றதால் கேப்டனின் பெயரை இங்கே எழுதவில்லை. விமானப்படை நிகழ்ச்சிகளில் சரக்கு விமானத்தை வைத்து வித்தை காட்டும் பொறுப்பு அவரிடம் சில வருடங்கள் இருந்தது. போர் விமானங்கள் காதைப் பிளந்துகொண்டு போனபிறகு எங்கள் விமானம் லாரி மாதிரி வரும். ஜனங்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடக் குனிவார்கள். அவர் முதல் திருப்பத்தைத் திருப்பியதும் குனிந்தவர்கள் அப்படியே எழுந்து நிற்பார்கள்.

கூட்டம் நடத்தி முடித்தோம். அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லாக் புக்கிலிருந்து தொடங்குங்கள்

பைலட் வீட்டில் பெரும்பாலும் லாக் புக் இருக்கும். கெட்டி அட்டை போட்ட நோட்டு. தேதி, விமான வகை, விமான எண், கூடப் பறந்தவர், என்ன வேலையாகப் பறந்தார், எவ்வளவு நேரம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். எங்கள் கேப்டனுடையது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்த வீட்டிலேயே, அவர்கள் பார்க்க, மேசையில் வைத்துப் புரட்டுங்கள். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன்.

ஏர் ஷோவில் பறந்த நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற நாட்களில் 4 மணி நேரம், 5 மணி நேரம் என்று இருக்கும் கட்டத்தில் அன்றைக்கு 20 நிமிடமோ 25 நிமிடமோதான் இருக்கும். அந்தச் சின்ன எண்ணுக்கு மேலே பாருங்கள், அதே மாதிரி சின்னச் சின்ன எண்கள் வரிசையாக வரும். அத்தனையும் ஒத்திகை. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் எங்கள் கேப்டன் 14 முறை ஒத்திகை பறந்திருந்தார். நான் கூடவே பறந்தவன், ஆனாலும் எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த 14 தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். "அந்த மாசம் பூரா தூக்கத்துல கையை ஆட்டிக்கிட்டே இருப்பாரு" என்றார். கூட்டத்தில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்ட வரி அதுதான். இந்த மாதிரி வரிகள் லாக் புக்கைத் திறந்து வைத்தால்தான் வரும். "அவரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று மொட்டையாகக் கேட்டால் வராது.

படம் எடுப்பதாக இருந்தால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், போனிலேயே எடுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் நோட்டை மல்லாக்க அழுத்துவார்கள், பழைய தையல் விட்டுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஒருமுறை போட்டுவிட்டால் பக்கத்தை மீட்க முடியாது. ஆல்பத்தில் பசையோடு ஒட்டிக்கொண்ட போட்டோக்களையும் பிய்க்காமல் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நிற்பவர்கள் யார் என்பதை அன்றைக்கே கேட்டுத் தனி நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் அதைச் சொல்ல ஆள் இருப்பாரா என்று தெரியாது.

இன்னொன்று. லாக் புக்கில் ஏர் ஷோ மட்டும் இருக்காது. எந்தத் தளத்துக்கு என்ன வேலையாகப் போனார்கள் என்பதும் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பலகையில் ஒட்டவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவோ கூடாது. பொதுமக்கள் முன்னால் பறந்ததை மட்டும் எடுங்கள். நாங்கள் மற்ற வரிகளின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்துத்தான் படம் எடுத்தோம்.

கூடப் பறந்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் குரல் பெரியவர் சொல்வதே கதையாகிவிடும். தனித்தனியாகப் பேசி, அனுமதி கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார்? இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எங்கே நின்றார்? இறங்கியதும் முதலில் யாரிடம் என்ன பேசினார்? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்வேன். இன்ஜினை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பி, "என்னப்பா, சூடு ஏறுச்சா?" என்பார். டர்பைன் வெப்பநிலையைக் கேட்கிறார். எல்லைக்குள் இருந்தது என்று நான் சொன்ன பிறகுதான் கைக்குட்டையை எடுப்பார்.

எண்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு நிகழ்ச்சியில் தரை தொட்டபின் எத்தனை மீட்டரில் விமானம் நின்றது என்று மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் 300 என்றார், இன்னொருவர் 500, மூன்றாமவர் 250. தாளில் எங்கேயும் அந்தத் தூரம் இல்லை. அதனால் "ஓடுதளத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை" என்று மட்டும் எழுதினோம். அதில் மூன்று பேருக்கும் சம்மதம்.

அது ஏன் துணிச்சல் என்று விளக்க வேண்டும்

கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தபந்தம், விமானத்தில் ஏறாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் புரியவில்லையென்றால் கைதட்டல் இருக்கும், வேறொன்றும் மனதில் நிற்காது. நான் தேரை வைத்துத்தான் விளக்கினேன்.

சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்புவதைப் பார்க்காத மதுரைக்காரர் உண்டா? வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், தேரைத் திருப்புவது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான். அசைகிற தேரின் காலடியில் குனிந்து, போட வேண்டிய நேரத்தில் போட்டு, கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கனமான பொருளைச் சின்ன இடத்தில் திருப்புகிற வேலை அது. எங்கள் கேப்டன் ஆகாயத்தில் செய்தது அதைத்தான்.

அப்புறம் கணக்கைச் சொன்னேன். உயரம் குறையாமல் விமானத்தை 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கைகள் இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். ஏஎன்-32 முழுச் சுமையோடு 27 டன். அந்தத் திருப்பத்தில் இறக்கைக்கு அது 54 டன். இதற்கு மேல் வேகம் குறைந்தால் இறக்கை தூக்காது என்று ஒரு எல்லை உண்டு, அதை ஸ்டால் வேகம் என்போம். நேராகப் பறக்கும்போது அது 100 என்றால் 60 டிகிரி சாய்வில் 141 ஆகிவிடும். 45 டிகிரியில் 119. அதாவது சாய்க்கச் சாய்க்க, கீழே இருக்கும் தரை நமக்குத் தெரியாமல் மேலே ஏறி வருகிற மாதிரி. போர் விமானத்துக்கு இழுத்துத் தப்பிக்க இன்ஜின் பலம் ஏராளம். சரக்கு விமானத்துக்கு அவ்வளவு கிடையாது, இருப்பதை அளந்து செலவு செய்ய வேண்டும்.

தரையிறங்குவதும் அப்படித்தான். செங்குத்தான சரிவில் இறங்கி வந்து, கடைசியில் மூக்கைத் தூக்கி, சக்கரம் தொட்டதும் ப்ரொப்பெல்லர் இதழ்களைத் தட்டையாகத் திருப்பிவிடுவோம். தள்ளிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லரே காற்றுக்குக் குறுக்கே பலகை பிடித்த மாதிரி ஆகி வேகத்தைக் கொல்லும். அதை ஆகாயத்தில் ஒரு நொடி முந்திச் செய்தாலும் விமானம் கல்லாக விழும்.

"பயமறியாதவர்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் பேரன் எனக்கு அனுப்பினான். "பயமறியா வீரர்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எடுக்கச் சொன்னேன். பையனுக்கு வருத்தம்தான். அவனை உட்காரவைத்து ஒரு நாளைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது. நாங்கள் மேலே போனதும் காற்று திசை மாறி, ஓடுதளத்துக்குக் குறுக்கே பலமாக அடித்தது. கேப்டன் திருப்பத்தையும் செங்குத்து இறக்கத்தையும் விட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை நேராகப் பறந்து காட்டி இறங்கிவிட்டார். கீழே யாருமே கைதட்டவில்லை. "காத்து சரியில்லப்பா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் அதே நேரத்தில் முழுசாகச் செய்து காட்டினார்.

இப்படி விட்டுக்கொடுத்த நாளையும் கூட்டத்தில் சொல்லுங்கள். இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2010 ஜூலை 28 அன்று அலாஸ்காவில் எல்மென்டார்ஃப் தளத்தில் அமெரிக்காவின் சி-17 சரக்கு விமானம் ஒன்று ஏர் ஷோ ஒத்திகையில் விழுந்து 4 பேர் இறந்தார்கள். தாழ்வான உயரத்தில் அதிகமாகச் சாய்த்துத் திருப்பும்போது ஸ்டால் எச்சரிக்கை வந்தும் திருப்பத்தைத் தொடர்ந்ததாக விசாரணை சொன்னது. அந்த விமானத்தை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அதில் இருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவன் நாளைக்குப் பைலட் ஆகலாம். அவன் காதில் விழ வேண்டியது 14 ஒத்திகையும், காற்று சரியில்லாத அந்த நாளும்.

ஒப்பிட ஒரே ஒரு கதை

நம்மவரின் வேலை எந்த வரிசையில் சேர்ந்தது என்று காட்ட ஒரு பழைய கதை சொல்லலாம். ஒன்றே போதும், அடுக்கினால் நம்மவர் மறைந்துவிடுவார். நான் சொன்னது நம் விமானப்படை அதிகாரி ஏர் கமடோர் மெஹர் சிங் கதை. 1948 மே 24 அன்று ராணுவத்தின் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, லடாக்கில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் லே என்ற ஊரில் அவசரமாகப் போட்ட மண் ஓடுதளத்தில் டகோட்டா சரக்கு விமானத்தை இறக்கினார். அதுவரை அங்கே எந்த விமானமும் இறங்கியதில்லை. அது சாகச நிகழ்ச்சி கிடையாது, போர்க்காலத் தேவை. ஆனால் சரக்கு விமானம் எவ்வளவு செய்யும் என்று நம் நாட்டில் காட்டியவர் அவர்.

பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள் என்றால் 1963-ல் அமெரிக்கக் கடற்படை பைலட் ஜேம்ஸ் ஃப்ளாட்லி ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தை இறக்கிய கதை நன்றாக எடுபடும். பிடித்து நிறுத்தும் கொக்கி இல்லாமல் 21 முறை இறங்கி நின்றார், தள்ளிவிடும் கருவி இல்லாமல் 21 முறை எழுந்தார். ஒருமுறை 267 அடியில் நிறுத்திவிட்டார். பிள்ளைகளையே 267 அடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாளும் இடமும்

இறந்த நாளில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. அன்றைக்கு வீட்டார் வேறு மனநிலையில் இருப்பார்கள். நாங்கள் ஒரு வாரம் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வைத்தோம். மதுரை வெயிலில் பகலில் வைக்கவே கூடாது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். நிழல், முதுகு சாயும் நாற்காலி, பானை நிறைய நீர்மோர் மூன்றும் வேண்டும். மைக் செட்டுக்குக் கொடுக்கும் காசைக் குறைத்து இதற்குச் செலவு செய்யலாம்.

இடம் அவனியாபுரம் பக்கம் ஒரு பள்ளி மைதானம். விமான நிலையம் அருகில் என்பதால் விமானச் சத்தம் கேட்கும். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாலையும் விளக்கும் வைப்பதை வீட்டாரிடம் விடுங்கள். சீருடைத் தொப்பி, பதக்கம் எதை வைக்கலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பேச்சாளர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

தரையில் பறந்து காட்டுங்கள்

எங்கள் கூட்டத்தில் எல்லாவற்றையும்விட மனதைத் தொட்டது இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

வித்தை காட்டப் போகும் முன்னால் கேப்டன் விமானத்துக்குப் பக்கத்தில் சிமென்டுத் தரையில் நடப்பார். உள்ளங்கைதான் விமானம். திருப்பத்தில் கையைச் சாய்ப்பார், இறக்கத்தில் தாழ்த்துவார், எங்கே எந்த வேகம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் பின்னாலேயே நடந்து, அவரவர் சொல்ல வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்வோம். சாகசம் காட்டும் பைலட்டுகள் பல நாடுகளிலும் இப்படி நடந்து பார்ப்பது வழக்கம். அதையே மைதானத்தில் செய்தோம்.

கபடிக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை வாங்குங்கள். 40 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடு போட்டால் 2,000 மீட்டர் ஓடுதளம் ஆகிவிடும், ஒரு மீட்டருக்கு 50 மீட்டர் கணக்கு. எழும் இடம், முதல் திருப்பம், திரும்பி வரும் பாதை, இறக்கம் தொடங்கும் இடம், தரை தொடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம் போட்டு எண் எழுதுங்கள். தெரியாத இடத்தை ஊகத்தில் போடாமல், கூடப் பறந்தவர்களை நிற்கவைத்துப் போடுங்கள். உயரத்துக்குக் கைதான் அளவு: முழங்கால், இடுப்பு, தோள். யார் எந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கு முன்னால் வெறும் ஆளாக இரண்டு தடவை நடந்து பார்த்து, போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து 6 நிமிடத்துக்குச் சரிசெய்யுங்கள். வேகமாக நடந்தால் விளையாட்டு மாதிரி ஆகிவிடும். அந்த 6 நிமிடம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பவர்களுக்கு உறைக்க வேண்டும்.

பேரன் கையை நீட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். கோ-பைலட்டாக இருந்தவர் தடி ஊன்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார், வேகத்தை அவர் சொன்னார். நான் நடுவில், ஒரு அடி பின்னால், வெப்பநிலையும் எண்ணெய் அழுத்தமும் சொன்னேன். 3-ம் வட்டத்தில் பையன் கையைச் சாய்த்தபோது என் வாய் பழைய பழக்கத்தில் தானாகப் பேசியது. முடிந்ததும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் பக்கம் திரும்பி, "சூடு ஏறுச்சா தாத்தா?" என்றான். எல்லைக்குள்தான் இருந்தது என்றேன்.

ஒரு கோட்டை நாங்கள் போட மறந்திருந்தோம், நீங்கள் மறக்காதீர்கள். பார்வையாளர் கோடு. ஏர் ஷோவில் அதைத் தாண்டி விமானம் கூட்டத்தின் பக்கம் வரக் கூடாது, ஒவ்வொரு திருப்பமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவாகும். நடந்து முடித்த பிறகு அம்மா எழுந்து வந்து, கோடு எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் அவரே ஒரு கை சுண்ணாம்பை அள்ளி, ஓடுதளத்துக்கு இணையாகத் தூவிக்கொண்டே போனார். பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, "நான் இங்கதான் நின்னேன். இவ அப்ப இடுப்புல இருந்தா" என்று மகளைக் காட்டினார். அப்புறம் பேரனைப் பார்த்து, "இன்னொரு தடவை போங்கய்யா, இங்கேருந்து பாக்கணும்" என்றார்.

அதனால் சுண்ணாம்பு அரை மூட்டையாவது மிச்சம் வைத்திருங்கள். முதல் தடவை நடந்ததில் கோடெல்லாம் அழிந்துவிடும், இரண்டாவது தடவைக்கு மறுபடி போட வேண்டியிருக்கும்.